மினி டில்லர் வாடகைக்கு எடுத்த கத: மேல பூ மாதிரி, அஞ்சு அங்குலத்துக்கு கீழ சிமெந்து

மொதல்லயே சொல்லிர்றேன், கடைசி வரைக்கும் படிக்க நேரம் இல்லாத ஆளுங்க இருப்பீங்க. மினி டில்லர், அதாவது கையால புடிச்சு ஓட்டுற சின்ன உழவு மெஷின், நல்லது. ஓட்ட வந்த தம்பியும் நல்ல பிள்ள. லீக்ஸ், கோவா (முட்டைக்கோசு) போடுறவங்க தாராளமா எடுங்க. ஆனா கரட், பீட்ரூட் போடுறவங்க இத மட்டும் நம்புனா நான் பட்டதுதான் நீங்களும் படுவீங்க. 5க்கு 3 குடுக்குறேன், அந்த 3லயும் ஒண்ணு அந்த தம்பிக்காக.

நமக்கு நுவரெலியா கந்தப்பளை பக்கம் 60 பேர்ச் (160 பேர்ச் ஒரு ஏக்கர்) மரக்கறி காணி, குத்தகைக்கு எடுத்தது. நமக்கு முந்தி செஞ்சவரு மூணு வருஷம் ரோட்டரி மெஷின் போட்டுத்தான் செஞ்சிருக்காரு. நான் அதுக்கு முன்னாடி வேற எடத்துல எப்பவும் ஆள் வச்சு மம்பட்டியாலதான் கொத்துறது. இப்ப ஆள் எங்க கெடைக்குது சொல்லுங்க, கெடைச்சாலும் நாள் சம்பளம், காலையில பிளேன்டீ, பத்து மணிக்கு ரொட்டி, பகலுக்கு சோறு எல்லாம் சேத்தா கை கடிக்குது. எட்டு பத்து ஆள் வேல வரும் இந்த காணிக்கு. அதனால டவுன்ல ஒரு கடையில மினி டில்லர் ஆளோட சேத்து வாடகைக்கு விடுறாங்கன்னு சொன்னாங்க, கோல் எடுத்து கதச்சேன். மொத்த காணிக்கும் சேத்து, பெற்றோல், ட்ரான்ஸ்போர்ட் எல்லாம் உள்ள, 14,000 ரூபா. ஆள் வச்சா வர்றதுல பாதி. கடை பேர் இங்க போடல, இன்பொக்ஸ்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன், இதே சேவிஸ் இப்ப மலையகத்துல நெறைய எடத்துல இருக்கு, எல்லாருக்கும் பொருந்துற மாதிரிதான் எழுதுறேன்.

சொன்ன நேரத்துக்கு வந்தாங்க. ஏழரைக்கு பட்டா லொறி ரோட்டுல நிக்குது. இது ஒரு பெரிய விஷயம், நம்ம பக்கம் "இந்தா வாறேன்"ன்னு சொன்னா பகல் சாப்பாட்டுக்கு அப்புறம்னு அர்த்தம். மெஷின் 7 குதிரவலு பெற்றோல் என்ஜின், பழசுதான், ஆனா ரெண்டாவது இழுப்புலயே ஸ்டார்ட் ஆச்சு. ரெண்டு பேர் புடிச்சா ஒரு பாத்தியிலருந்து அடுத்த பாத்திக்கு தூக்கி வச்சிரலாம். நம்ம மாதிரி படி படியா இருக்குற காணிக்கு லேண்ட் மாஸ்டர் (பெரிய ரெண்டு சக்கர டிராக்டர்) எறக்க ஏலாது, அதனால இந்த சைஸ் மெஷின் ஒரு வரப்பிரசாதம்னே சொல்லணும். சத்தம் மட்டும் கொஞ்சம் ஓவர், கீழ் லயத்துல ஒரு கைக்குழந்த அழுதுகிட்டே இருந்துச்சு.

பிரச்சின எங்க ஆரம்பிச்சுதுன்னா, முந்தின நாள் பின்னேரம் மூணு மணித்தியாலம் மழ. சித்திரைக்கு முன்னாடி நம்ம பக்கம் எப்படின்னு தெரியும்தானே, காலையில வெயில் பல்ல காட்டும், ரெண்டு மணிக்கு இடி இடிச்சு ஊத்தும். நம்ம மாமா, தேயில தோட்டத்துல முப்பது வருஷத்துக்கு மேல வேல செஞ்சு இப்ப பென்ஷன்ல இருக்குறவரு, காலையில வந்து ஒரு கைப்பிடி மண்ண எடுத்து அமுக்கி பாத்தாரு. உருண்ட புடிச்சு அப்படியே நிக்குது. கட்டவெரலால தள்ளுனா உதிரல, பட்டி மாதிரி நீளமா வருது.

"இன்னைக்கு வேணாம் மருமகன், மண்ணு இன்னும் பச்சையா இருக்கு. ரெண்டு நாள் காயட்டும்."

நான் கடைக்கு கோல் எடுத்தேன். மொதலாளி சொல்லிட்டாரு, நாளைக்கு வேற புக்கிங் இருக்கு, அடுத்த வாரம்தான் ஏலும், இன்னைக்கு திருப்பி அனுப்புனா பாதி காசு கட்டணும்னு. ஏற்கனவே கரட் வெதைக்கு காசு போட்டாச்சு, கோழி எரு எறக்கியாச்சு, நானும் சரி போடுங்கன்னு சொல்லிட்டேன். பாதி காச கட்டி அனுப்பியிருந்தா எவ்வளவோ மிச்சம், அது இப்ப சொல்லி என்ன செய்ய.

தம்பி வேலைய ஆரம்பிச்சான். மெஷினுக்கு பின்னாடி ஒரு இரும்பு கம்பி மண்ணுக்குள்ள இழுபட்டுக்கிட்டு வரும் பாருங்க, அதுதான் ஆழத்த தீர்மானிக்கிறது. அத எறக்குனா மெஷின் முன்னால ஓடாம நின்னு தோண்டும், ஏத்துனா சும்மா மேல மேல சொரண்டிக்கிட்டு ஓடும். ஈர மண்ணுல எறக்கி வச்சா மெஷின் பொதைஞ்சு கை ரெண்டும் கழண்டு போகும், அதனால அவன் ரெண்டு ஓட்டை மேல ஏத்தி பின் போட்டுட்டான். நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன், அப்ப எனக்கு அது என்னன்னே விளங்கல. ஒரே எடத்துல மூணு தரம் ஓட்டுனான். முடிஞ்சதுக்கு அப்புறம் மண்ணு இடியப்ப மா மாதிரி கெடக்கு. நான் போட்டோ எடுத்து வட்சப் ஸ்டேட்டஸ்ல வேற போட்டேன், எல்லாரும் தம்ஸ் அப். படி பாத்தி எல்லாம் குறுக்கால ஓட்டுனான், அது சரி. ஆனா அடியில இருக்குற சரிவு துண்டுல மேலருந்து கீழ, கீழருந்து மேலன்னு ஓட்டிட்டான், திருப்புறதுக்கு எடம் இல்லன்னு. அதோட பலன் மூணாவது நாளே தெரிஞ்சுது, ஒரு மழைக்கு கோடு கோடா அரிச்சு செவப்பு தண்ணி கானுக்குள்ள (வடிகாலுக்குள்ள) போகுது. 1951லயே மண் பாதுகாப்பு சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்த நாடு இது, 25ம் இலக்க சட்டம், இருந்தும் நம்ம கானுல ஓடுறது என்னவோ நம்ம காணிதான்.

ஒரு மூல மட்டும் மிச்சமாச்சு. கானுக்கு பக்கத்துல ஒடுக்கமா ஒரு எட்டு பேர்ச் இருக்கும், அங்க மெஷின் போகாது. முந்தின ஆளும் அதுல மெஷின் போட்டதில்லையாம். அத மாமா நாலு நாள் கழிச்சு, மண்ணு காஞ்சதும், முள்ளு (நாலு பல் உள்ள இரும்பு கருவி) போட்டு குத்துனாரு. அதுதான் இந்த ரிவியூவ எழுத வச்சது. இல்லாட்டி நானும் வெத சரியில்ல, மழ சரியில்ல, காலம் சரியில்லன்னு சொல்லிட்டு போயிருப்பேன்.

ஒரே பாக்கெட் கரட் வெத, ஒரே கோழி எரு, ஒரே டொலமைட், ஒரே கெழம வெத தூவுனது.

மொத வித்தியாசம் மொளைக்கிறப்பவே. மெஷின் பக்கம் அந்த மா மாதிரி மண்ணு மேல மழ விழுந்து, வெயில் அடிச்சதும் அப்பளம் மாதிரி ஒரு பொறுக்கு கட்டிருச்சு. கரட் மொள எவ்வளவு மெல்லிசு, நூல் மாதிரி, அது அந்த பொறுக்க ஒடைக்க ஏலாம உள்ளுக்குள்ளயே மடிஞ்சு கெடக்கு. அங்கங்க சொட்ட. முள்ளு குத்துன பக்கம் கட்டி கட்டியாத்தான் இருந்துச்சு, பாக்க அழகில்ல, ஆனா மொள நல்லா வந்துச்சு. மண்ண ரொம்ப பொடியாக்குனா மழ அடிக்கு தாங்காதுன்னு விளங்குச்சு.

ரெண்டாவது, மழ பெஞ்சா மெஷின் பக்கம் பாத்தியில தண்ணி தேங்கி நிக்குது. அதே பக்கம் ஒரு வாரம் மழ இல்லாம வெயில் அடிச்சா மொதல்ல வாடுறதும் அதே செடிதான். தண்ணி கூடுனாலும் கஷ்டம், கொறைஞ்சாலும் கஷ்டம், இது என்னடா கூத்துன்னு நெனச்சேன். வேர் மேல அஞ்சு அங்குலத்துக்குள்ளயே குடியிருந்தா அப்படித்தான், அந்த அஞ்சு அங்குலம் நெறைஞ்சா மூழ்கும், காஞ்சா செத்துரும்.

நாப்பது நாள்ல நாலஞ்சு செடிய புடுங்கி பாத்தேன். மெஷின் பக்கத்துல புடுங்குனது எல்லாம் வேர் நுனி தூண்டில் முள்ளு மாதிரி ஒரு பக்கமா வளைஞ்சு கெடக்கு. ஒண்ணு ரெண்டா பிரிஞ்சு கால் மொளைச்சிருச்சு. முள்ளு பக்கம் நேரா, எலிவால் மாதிரி நீளமா.

அப்பத்தான் அலவாங்க எடுத்து ஒரு குழி தோண்டுனேன். மேல அஞ்சு அங்குலம் வெண்ண மாதிரி எறங்குச்சு, அதுக்கு கீழ "டங்". கல்லுன்னு நெனச்சு தள்ளி ஒரு குழி, அங்கயும் அதே ஆழத்துல "டங்". கத்தியால ஒரு பக்கம் செதுக்கி பாத்தேன். மேல இருக்குற மண்ணு ஒரு நெறம், கீழ ஒரு பட்டை, ரெண்டு அங்குலம் தடிப்பு இருக்கும், சாணி மெழுகி தேச்ச தர மாதிரி மினுமினுன்னு. ஒரு ஓட்ட இல்ல, ஒரு புழு போன தடம் இல்ல. கரட் வேர் அது மேல வந்து முட்டி, படுத்து, பக்கவாட்டுல போயிருக்கு. பாக்கவே பாவமா இருந்துச்சு.

இது எப்படி வருதுன்னா, இந்த டில்லர் பிளேட் எல் மாதிரி வளைஞ்சது. சுத்துறப்ப அதோட அடிப்பக்கம் ஒவ்வொரு தரமும் ஒரே ஆழத்துல மண்ண அமுக்கி தேச்சிட்டு போகுது, மேசன் கரண்டியால சிமெந்து தேய்க்கிற மாதிரி. காஞ்ச மண்ணுன்னா ஒடைஞ்சு உதிரும். ஈர களிமண்ணுன்னா ஒடையாது, வழுக்கி பூசிக்கும். நம்ம காணி மண்ணு அந்த செவப்பு மஞ்சள் பொட்சோலிக் வகை, கீழ போகப்போக களி கூடும், அதனால இதுல பூச்சு நல்லாவே புடிக்கும். முந்தின ஆள் மூணு வருஷம் அதே ஆழத்துல ஓட்டுனது, அது மேல நாம ஈரத்துல மூணு தரம் ஓட்டுனது. அதுக்கு மேல மருந்து அடிக்கிறப்ப 16 லீட்டர் டேங்க முதுகுல போட்டுக்கிட்டு பாத்திக்குள்ளயே நடக்குறோம், அது வேற கணக்கு. ஈர மண்ணுல மொத மிதிதான் பெரிய மிதி, மண்ணு எறுகுறதுல பெரும்பகுதி அந்த மொத தரத்துலயே முடிஞ்சிரும்.

வேர் பக்கத்துலருந்து யோசிச்சு பாருங்க. நல்ல மண்ணுல கிட்டத்தட்ட பாதி வெறும் எடம், அதுல ஒரு பங்கு தண்ணி, ஒரு பங்கு காத்து. மண்ண அமுக்குனா மொதல்ல அழியுறது பெரிய ஓட்டைங்கதான், தண்ணி வடியுறதும் காத்து போறதும் அது வழியாத்தான். வேர் ஆணி கெடையாது, உள்ள இருக்குற தண்ணி அழுத்தத்தால நுனிய தள்ளித்தான் போகுது. மண்ணோட எதிர்ப்பு 2 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ பாரம் வச்ச அளவுக்கு வந்துருச்சுன்னா அனேகமா எல்லா பயிர் வேரும் நின்னுரும், இல்லாட்டி ஏதாவது பழைய வேர் போன ஓட்ட, புழு ஓட்ட தேடி போகும். ஓட்டையே இல்லாத பூச்சுல எங்க போறது.

இதுல ஒரு அதிசயமான விஷயம், வேர் சும்மா முட்டி நிக்கிறதில்லையாம், அதுவே நிப்பாட்டிக்குதாம். வாழக்கா பழுக்குறப்ப வருது பாருங்க எத்திலீன் வாயு, அது வேருலயும் சுரக்குது. பொலபொலப்பான மண்ணுன்னா அது ஓட்ட வழியா கலைஞ்சு போயிரும், எறுகுன மண்ணுல போக வழி இல்லாம வேர சுத்தியே தேங்கும், வேர் அத புரிஞ்சுக்கிட்டு நீளமா போறத கொறைச்சு தடிச்சுக்கும். 2021ல நெல்லு வேர வச்சு இத கண்டுபுடிச்சு எழுதுனாங்க, அந்த வாயுவ உணராத நெல்லு எறுகுன மண்ணுக்குள்ளயும் எறங்கி போயிருக்கு. அதே 2021லதான் நம்ம நாட்டுல ரசாயன பசளைய தடை பண்ணி ஆட்டம் காட்டுனாங்க, நவம்பர்ல வாபஸ் வாங்குற வரைக்கும் நாம எரு மூட்டைக்கு லைன்ல நின்னுகிட்டு இருந்தோம். உலகத்துல ஒரு பக்கம் வேருக்கு மூச்சு முட்டுறத ஆராஞ்சிருக்காங்க, நமக்கு மூச்சு முட்டுனத ஆராய ஆள் இல்ல.

சரி, கரட்டுக்கு வாறேன். கரட்டோட நீளம் மொத சில வாரத்துலயே முடிவாயிரும். ஆணி வேர் மொதல்ல கீழ எறங்கும், தடிக்கிறது அப்புறம்தான். எல பச்சப்பசேல்னு இருக்கு, நல்லா வருதுன்னு நாம சந்தோஷப்படுற நேரம் கீழ கத முடிஞ்சிருக்கும். அந்த நுனி ஒரு தரம் நசுங்குச்சுன்னா பக்கத்துலருந்து ரெண்டு மூணு வேர் கெளம்பி எல்லாம் தடிக்கும், அதுதான் கால் மொளைச்ச கரட். அப்புறம் யூரியா போட்டாலும் சரி, சாமிக்கு தேங்கா ஒடைச்சாலும் சரி, நீளாது.

விவசாய போதனாசிரியர் ஐயா வந்து பாத்தாரு. அவரு நியாயமா ஒரு விஷயம் கேட்டாரு, வட்டப்புழு (வேர்ல முடிச்சு போடுற, கண்ணுக்கு தெரியாத புழு) இருந்தாலும் கால் மொளைக்கும், மக்காத எரு போட்டாலும் கால் மொளைக்கும், நீங்க ஏன் மெஷின மட்டும் சொல்றீங்கன்னு. வேர்ல முடிச்சு இருக்கான்னு பாத்தோம், இல்ல. கோழி எரு அரகொறையா மக்குனதுதான், ஒத்துக்கிட்டேன், ஆனா அது ரெண்டு பக்கமும் போட்டதுதானே. அதுக்கப்புறம் அவரு ஒண்ணும் சொல்லல, குழிக்குள்ள கைய விட்டு அந்த பூச்ச நகத்தால கீறி பாத்துட்டு தலைய ஆட்டுனாரு.

புடுங்குன அன்னைக்கு கணக்கு பாத்தேன். மெஷின் பக்கம் 50 கிலோ மூட்ட ஒண்ண கொட்டி பிரிச்சா 14 கிலோ கழிவு, கால் மொளைச்சது, குட்டையா பம்பரம் மாதிரி இருந்தது. முள்ளு பக்கம் அதே 50 கிலோவுல 4 கிலோ. கழுவுற எடத்துல நிக்கிற யாவாரி ஒரு கரட்ட தூக்கி புடிச்சு "இதுக்கு களிசான் தைக்கணும் போல"ன்னு சிரிக்கிறாரு. எனக்கு சிரிப்பு வரல. கழிவ மாட்டுக்கு போட்டேன், வீட்டுல ஒரு வாரம் கரட் சம்பல், கரட் கறி, கரட் வட. புள்ளைங்க கரட்ன்னாலே எந்திரிச்சு ஓடுதுங்க.

கடைக்கு கோல் எடுத்து சொன்னேன். சண்டைக்கு இல்ல, தகவலா. மொதலாளி "அது வெத பிரச்சின, எங்க மெஷின்ல இதுவரைக்கும் ஒருத்தரும் கொற சொன்னதில்ல"ன்னாரு. ஒரே வெததானேன்னு சொன்னா "அப்ப மண்ணு பிரச்சின"ன்னாரு. ஆமா மண்ணு பிரச்சினதான், அதத்தான் நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன். சேவிஸ்க்கு ரெண்டு மார்க் கொறைச்சது இதுக்காகத்தான், மெஷினுக்காக இல்ல. மழ பெஞ்ச மறுநாள் ஒத்திப்போட ஒரு வழி வச்சிருந்தா போதும், ஓட்டுற பையனுக்கு கம்பி எத்தன ஓட்டைன்னு சொல்லி அனுப்பியிருந்தா போதும்.

இப்ப முள்ளு பத்தி ரெண்டு வார்த்த சொல்லணும், ஏன்னா எளந்தாரிங்க இத மறந்தாச்சு. நம்ம தோட்டத்துல கவ்வாத்து (தேயில செடிய வெட்டி விடுறது) முடிஞ்சா முள்ளுக்குத்து போடுவாங்கதானே, அதே வேலதான். நாலு பல் முள்ள நேரா எறக்கி, கால வச்சு அமுக்கி, பிடிய பின்னால சாச்சா மண்ணு லேசா தூக்கி வெடிப்பு விடும், அவ்வளவுதான், மண்ண பொரட்ட கூடாது. அப்புறம் ஒரு சாண் பின்னால வந்து அடுத்த குத்து. மேல் மண்ணு மேலயே இருக்கும், கீழ் மண்ணு கீழயே இருக்கும், நடுவுல காத்துக்கும் தண்ணிக்கும் வேருக்கும் வழி. தலவாக்கலை சென் கூம்ஸ்ல இருக்குற தேயில ஆராய்ச்சி நிலையம் சொல்றதும் இதே பொரட்டாத முள்ளுக்குத்துதான். கொந்தராத்துக்கு முள்ளுக்குத்து போட்ட காலத்துல இது எதுக்குன்னு ஒருத்தரும் வெளங்கப்படுத்தல, கங்காணி கம்ப வச்சு ஆழம் பாப்பாரு, கொறைஞ்சா சம்பளத்துக்கு பேர் போட மாட்டாருன்னு மாமா சொல்றாரு. பழைய தேயிலைய புடுங்கிட்டு புதுசு நடுறதுக்கு முன்னாடி ஒன்றர ரெண்டு வருஷம் குவாத்தமாலா புல்லு, மானா புல்லு போட்டு வச்சிருப்பாங்க பாருங்க, அதுவும் மண்ண தேத்துற வேலதான், புல்லு வேர் உள்ள எறங்கி செத்து மக்கி ஓட்ட போட்டு வைக்கும். நாம அத மாட்டுக்கு அறுக்குற புல்லுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தோம்.

கொற இல்லாம இல்ல. எட்டு பேர்ச் குத்துறதுக்கு மாமாவுக்கு ஒண்ணர நாள், மறுநாள் இடுப்பு புடிச்சுக்கிட்டு சித்தாலேப தேச்சுக்கிட்டு படுத்துட்டாரு. 60 பேர்ச்சும் அப்படி செய்யுறதுன்னா காசு என்னாகும். மண்ணையே கிண்ட கூடாது, சும்மா விட்டா போதும்னு வீடியோ போடுறவங்களும் இருக்காங்க. அவங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, கிண்டாத மண்ணுல புழு ஓட்டையும் பழைய வேர் ஓட்டையும் அழியாம இருக்கும், சரிவுல மண்ணு அரிச்சு போறதும் கொறையும். ஆனா ஏற்கனவே பூச்சு புடிச்ச காணிய சும்மா விட்டா அது ஒரு போகத்துல தானா திறந்துக்காது, கிண்டாம விட்ட ஆரம்பத்துல மேல் மண்ணு இன்னும் கொஞ்சம் எறுகத்தான் செய்யும். குத்தகை காணிக்காரனுக்கு அவ்வளவு பொறும ஏது. மொதல்ல ஒரு தரம் ஒடைச்சிட்டு அப்புறமா கொறைச்சுக்கலாம்ங்கிறது என்னோட அபிப்பிராயம்.

அதனால ரெண்டாவது போகத்துக்கு ரெண்டையும் கலந்தேன். அதே கடை, அதே தம்பி. ஆமா, திட்டிட்டு திரும்பவும் அங்கயேதான் போனேன், 14,000க்கு வேற யாரு வருவா. ஆனா இந்த தடவ மூணு நாள் மழ இல்லாத வாரமா பாத்து, மண்ண அமுக்கி, இடுப்பு ஒசரத்துலருந்து போட்டு ஒடையுதான்னு பாத்துட்டுத்தான் கோல் எடுத்தேன். அதுக்கு முன்னாடி மாமாவும் இன்னொரு ஆளும் நாலு நாள் பாத்திய மட்டும் முள்ளு குத்துனாங்க, நடக்குற பாதைய விட்டுட்டு, அதனால வேல கொறைஞ்சுது. தம்பிகிட்ட மூணு தரம் வேணாம், ஒரே ஒரு ஓட்டு போதும், எரு கலந்தா சரின்னேன். அவனுக்கு சந்தேகம்.

"அண்ணே, கட்டி கட்டியா கெடக்கே, அப்புறம் ஆளுங்க என்னய கொற சொல்லுவாங்க."

நான் அவன கூட்டிட்டு போய் பழைய குழிய காட்டுனேன். குந்தி உக்காந்து அந்த பூச்ச தொட்டு பாத்தான். "இது நம்ம பிளேட் போட்டதா?"ன்னு கேட்டான், அப்புறம் ஒண்ணுமே பேசல. நல்ல பிள்ளன்னு அதுக்குத்தான் சொன்னேன். கடையில யாரும் அவனுக்கு இத சொல்லி குடுக்கல, அவன் என்ன செய்வான். அடி சரிவு துண்ட இந்த தடவ குறுக்கால ஓட்டுனான், திருப்புறதுக்கு நானே மெஷின ஒரு பக்கம் தூக்கி புடிச்சேன், முதுகு போச்சு, ஆனா கானுல தண்ணி தெளிவா போகுது.

புக் பண்ண போறவங்களுக்கு ஒரு விஷயம். ஒரு 10 மில்லிமீட்டர் தடிப்பு இரும்பு கம்பி, ரெண்டு அடி, ஹாட்வெயார் கடையில வாங்கி வச்சுக்குங்க. நல்ல மழ பெஞ்சு ரெண்டு நாள் விட்டு, காணியில அங்கங்க குத்தி பாருங்க, எத்தன அங்குலத்துல நிக்குதுன்னு. காஞ்ச நேரம் குத்துனா எல்லாமே கல்லு மாதிரித்தான் இருக்கும், அது கணக்கில்ல. அந்த கம்பி மேல 16 கிலோ பாரம் வச்சாத்தான் எறங்குதுன்னா கிட்டத்தட்ட நான் மேல சொன்ன 2 மெகாபாஸ்கல் வந்துரும், குத்துமதிப்புதான். 16 கிலோ எவ்வளவுன்னு பழகிக்க நான் மரக்கறி நிறுக்குற தராசு மேல கைய அமுக்கி அமுக்கி பாத்தேன், வீட்டுல பாத்துட்டு இந்த மனுசனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு சொல்லிட்டு போச்சு. எட்டு ஒம்பது அங்குலத்துக்கு மேல சும்மா எறங்குச்சுன்னா மெஷின் மட்டும் போதும், அஞ்சு ஆறுல நின்னா முள்ளு இல்லாம கரட் போடாதீங்க. லீக்ஸ், கோவா வேர் பெரும்பாலும் மேலயே பரவும், அதுக்கு இவ்வளவு பாடு வேணாம், வெள்ளம் தேங்காம கான் மட்டும் ஒழுங்கா வெட்டி விடுங்க.

இப்ப ரெண்டாவது போகத்துக்கு 35 நாள். நேத்து கம்பிய குத்தி பாத்தேன், பாத்தியில 10 அங்குலம் எறங்குச்சு, ஒரு எடத்துல 11. பாதையில 6ல நின்னுருச்சு. நாலு செடி புடுங்குனதுல மூணு நேரு, ஒண்ணு கொஞ்சம் வளைவு, அது கல்லுல பட்டது, கல்லும் கூடவே வந்துச்சு. புடுங்குனதுக்கு அப்புறம் மூட்ட கணக்கு இங்கயே கீழ போடுறேன்.